மூட்டத்து ரோடு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது பங்குனி இருபத்தைந்து, உச்சிப்பகல்.

அன்று காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பல் விளக்கினேன். டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினேன். ஒன்றைச் சாக்கடையில் கொட்டினேன். மாரிச்செல்வி போய் நாற்பது நாளாகியும் கைக்குப் பழகவில்லை. ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பினேன். கமுதிக்குக் கிழக்கே, சீமைக்கருவேலங்காட்டுக்குள், விறகை அடுக்கி மண்ணால் மூடி எரிக்கும் கரிமூட்டம். நான் அங்கே சூப்பர்வைசர். அவள், எரியும் மூட்டத்துக்கு மண் அணைக்கும் வேலை பார்த்தாள். என் மனைவி.

முன்பெல்லாம் அந்தக் காட்டில் தீ பரவாது. அடியில் வெயிலே விழாத அளவுக்கு மரங்கள் நெருக்கம். பொறி பறந்தாலும் பத்தடியில் அவிந்துவிடும். போன வருஷம் முதலாளி தவசி, லாரி வருவதற்காக நடுவில் கிராவல் ரோடு போட்டார். வெயில் உள்ளே இறங்கியது. இரு ஓரமும் புல் முளைத்துக் காய்ந்தது. காற்றுக்கும் வழி கிடைத்தது. சுமை தூக்குவது மிச்சமென்று மூட்டங்களையும் ரோட்டோரத்துக்கே கொண்டுவந்தார்.

"இங்கன வேணாம் மொதலாளி. காத்து அள்ளிக்கிட்டுப் போகுது" என்றாள் மாரிச்செல்வி.

"நீ பெரிய இன்ஜினியராக்கும்? மண்ண அள்ளு."

மாசியில் ஒரு மூட்டம் மண் வெடித்து வாய் பிளந்தது. புல்லைப் பிடித்து ரோட்டோரமாகவே ஓடியது தீ. அப்போது நான் லோடோடு கமுதியில் இருந்தேன்.

"ஜீப்புல ஏறச் சொல்லிக் கூப்பிட்டேன்லே. கேக்காம காட்டுக்குள்ள ஓடிட்டா" என்றார் முதலாளி.

ஆனால் அவள் உடல் கிடந்தது நடு ரோட்டில்.

அதற்குப் பிறகு மூன்று முறை தீ. மூன்றும் அவர் ஜீப் நின்றுவிட்டுப் போன இடத்தில்.

மணி 12.40. முதலாளி என் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தினார்.

"ஏறுலே. மேக்க மூட்டத்தப் பாத்துட்டு வருவோம்."

ஏறினேன். "அவ எந்தப் பக்கம் ஓடுனா மொதலாளி?"

"எத்தன தடவலே கேப்ப?"

டக்... டக்... டக்...

அவர் பக்கத்துக் கண்ணாடியில்.

"கல்லு தெறிக்குது" என்றார்.

கல் கீழேதான் படும். இது முகத்துக்கு நேரே.

12.44. மறுபடியும். டக்... டக்... டக்...

கண்ணாடியில் சாம்பல் தடம். ஐந்து விரல். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஜின் நின்றது.

என் பக்கக் கதவு தானாகத் திறந்தது. இறங்கினேன். பின்னால் அதுவே சாத்திக்கொண்டது.

இரு ஓரமும் புல் பற்றியது. ரோட்டோரமாக ஓடிவந்தது. ஜீப்புக்கு நேரே வந்து... ஜீப்பை நோக்கித் திரும்பியது.

எனக்குச் சூடே தெரியவில்லை.

அவர் பக்கக் கைப்பிடியை இழுத்தேன். வரவில்லை.

உள்ளிருந்து கண்ணாடியை அறைந்தார். என்னை ஏலே என்று மட்டுமே கூப்பிடுகிறவர் கத்தினார்.

"மொதலாளி, என்னையும் ஏத்திக்கங்க!"

என்னைப் பார்த்து.

வண்டிக்குள் இருந்துகொண்டு.

12.51. கையை எடுத்தேன்.

தீயணைப்பு வண்டி வந்தபோது அந்தக் கதவு பூட்டியே இல்லை. ஒருவர் ஒரு விரலால் திறந்தார்.

அவர் கத்தியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பதினாறு நாள் கழித்து, கூட வேலை பார்த்த சண்முகவள்ளி அக்கா என் வீட்டுக்கு வந்தது. உட்காரவில்லை.

"மாரிச்செல்வி செத்த அன்னைக்கு நான் ஜீப்புல பின்னால இருந்தேன் தம்பி. அந்தாளு உசுரோட இருக்கந்தண்டியும் வாயத் தொறக்க முடியல. அவ கண்ணாடியத் தட்டிக்கிட்டே கூட ஓடியாந்தா. அவரு கதவப் பூட்டிக்கிட்டு வண்டிய மிதிச்சிட்டாரு."

"எதுவும் சொன்னாளா?"

அக்கா வாசலைப் பார்த்தபடி சொன்னது.

"மொதலாளி, என்னையும் ஏத்திக்கங்க."