கறுப்பிக்குப் போட்ட வெள்ளைக் காலுறை

அத்தை மகள் கோத்தகிரியிலிருந்து வந்து இறங்கிய அன்றுதான் எங்கள் தோட்டத்தில் பெரிய குறை ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது. எங்களிடம் காட்டெருமை இல்லை.

அதுவரை அப்புத்தளைக்குக் கீழே இருந்த எங்கள் தோட்டத்தைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இருந்ததில்லை. தேயிலை இருந்தது, பனி இருந்தது, அட்டை வேண்டிய மட்டும் இருந்தது. தாத்தா காலத்தில் கப்பலேறி இந்தியாவுக்குப் போன சொந்தத்தில் அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முந்தின வருஷம் மாமா இறந்துபோனார். எப்படி என்று எங்களைப் போன்ற சின்னதுகளிடம் யாரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை. அவரை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பொங்கலுக்கு அத்தை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என்னைப் போலவே அவளும் ஒன்பது வயதுப் பெண்.

வந்த சாயங்காலமே லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அங்கே கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும் மலைக்குள்ளேயே காட்டெருமை சுற்றுமாமே என்று யாரோ கேட்டார்கள். அத்தை சட்டென்று எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். அத்தை மகள் மட்டும் பாடம் ஒப்பிப்பது போல் எல்லாவற்றையும் சொன்னாள். காளை கன்னங்கரேல் என்று இருக்கும், முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை, பள்ளிக்கூடத்துக் காலுறை மாட்டியது போல. முதுகில் ஒரு மேடு. கூட்டத்தை வயசான பசு ஒன்றுதான் நடத்திக்கொண்டு போகும். தேயிலையைத் தொடாது, நடுவில் முளைக்கும் புல்லைத்தான் தின்னும். தூரத்தில் நம்மைக் கண்டால் அதுவே விலகிப் போய்விடும்.

"பனியில கிட்டக்க போயிட்டாத்தான் ஆபத்து. புஸ்ஸுன்னு மூச்சு விடும். நின்னுக்கிட்டே இருக்கக் கூடாது. செடிக்கடியில படுத்துக்கணும்."

"அப்ப வெடி வச்சி வெரட்ட வேண்டியதுதானே?" என்றார் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்.

"சுடக் கூடாதுங்க, சட்டம் இருக்கு. அதுங்க காட்டை வெட்டித்தான் நாம தேயிலை போட்டோம், அதுங்க எங்க போவும்னு எங்கப்பா சொல்வாரு."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் நான் முதலாவதாக வந்த செய்தியைத் தலையைத் திருப்பாமல் கேட்ட அதே அப்பா. ராத்திரி அவர் தட்டிலிருந்த முட்டை அவள் தட்டுக்குப் போனது. அவருக்குப் பக்கத்தில் நான் உட்காரும் இடமும் அவளுக்கே போனது. எனக்கு வயிறு எரிந்தது. ஊரில் ஒரு மிருகம் இருக்கிறது என்பதற்காகவா இத்தனை?

அதோடு விட்டாளா? நாள் தவறாமல் என்னைக் கேட்பாள். "உங்க தோட்டத்துல ஒண்ணுகூட இல்லியா?"

"இல்ல."

"கீழ காட்டுலயும் இல்லியா?"

அங்கேயும் இல்லை என்பேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மானம் போனது.

கடைசியில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த சேரிடம் போய்க் கேட்டேன். ராசாக்கள் காலத்தில் நம் நாட்டிலும் அந்த மாடு இருந்திருக்கிறது என்று அவர் சொன்னதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மேட்டுப் பாதையில் மூச்சிரைக்க ஓடிவந்து அவள் முன்னால் நின்றேன்.

"எங்க நாட்டுலயும் இருந்துச்சாம்!"

அவள் முகம் செத்துப்போனது. எனக்கு அப்படியொரு ஆனந்தம்.

"இப்ப?" என்றாள்.

"இப்ப இல்லியாம். அழிஞ்சுபோச்சாம்."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

அவள் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

எங்களிடம் கறுப்பி என்று ஒரு பசு இருந்தது. பெயருக்கேற்ற நிறம். மாட்டுப் பொங்கலுக்குக் கறுப்பியின் கொம்புக்குச் சாயம் பூசுவது வருஷா வருஷம் என் வேலை. அன்றும் பூசினேன். பொங்கலுக்காக லயத்துச் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு வாளியில் மிச்சமிருந்தது. கையோடு கையாக நாலு காலுக்கும் முழங்கால் வரைக்கும் அதைத் தீட்டிவிட்டேன். முதுகு மேட்டுக்குத்தான் ஒரு வழியும் தெரியவில்லை. மற்றபடி, சும்மா சொல்லக்கூடாது, காட்டெருமையேதான். அப்பா இதைப் பார்க்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அப்பாவோ அவளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் புல்லறுக்கப் போயிருந்தார், என்னைக் கூப்பிடாமல். கறுப்பியை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு நானே எதிரே போனேன்.

பாதி வழியில் பனி இறங்கிவிட்டது. திருப்பத்தில் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். கறுப்பிக்குப் புல்லுக்கட்டின் வாசம் பட்டிருக்க வேண்டும், புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு எனக்கு முன்னால் பாய்ந்து போனது. பனியில் வெள்ளைக் கால்கள்தான் முதலில் தெரிந்திருக்கும்.

அவள் அலறி ஓடவில்லை. அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு தரைக்கு இழுத்தாள்.

"படுங்க மாமா! எங்கப்பா மாதிரி நிக்காதீங்க! படுங்க மாமா, படுங்க!"

அப்பா புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். "கறுப்பிதான் ஆயி, நம்ம கறுப்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை. அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு நடந்தார். என்னை ஏசவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வீட்டு வாசலில் அப்பா அத்தையிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. "அது மாப்பிள்ளைய முட்டினப்ப புள்ள பக்கத்துலயா இருந்துச்சு?"

"ஆமாண்ணே. இவளப் படுக்கப் போட்டுட்டு அவரு முன்னால நின்னுட்டாரு."

நானும் கேட்டேன். கேட்டும், அப்பா என்னை இப்படித் தூக்கி எத்தனை வருஷமாகிவிட்டது என்றுதான் யோசித்தேன். கறுப்பியின் காலைத் தனியாக உட்கார்ந்து கழுவினேன்.

அவர்கள் ஊருக்குத் திரும்பும் நாளில் அப்புத்தளை ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றோம். அவள் மறுபடியும் கேட்டாள். "நெசமாவே இங்க ஒண்ணுகூட இல்லியா?"

"ஒண்ணுகூட இல்ல" என்றேன், தோற்றவளின் எரிச்சலோடு.

அவள் அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நாம இங்கேயே இருந்துருவோம்மா."

அத்தை பதில் சொல்வதற்குள் ரயில் வந்துவிட வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டேன். வந்துவிட்டது.

ரயில் நகரும்போது அப்பா என் தோளில் கை வைத்தார். ஜன்னலிலிருந்து அவள் அந்தக் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்னால் எழுந்து நின்ற எங்கள் மலையைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவள் வந்ததிலிருந்து அவளை நான் பார்த்ததும் அப்படித்தான். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்றுதான் விளங்கவில்லை. எங்கள் தோட்டத்தில்தான் ஒன்றுமே இல்லையே.