தோளில் நான்கு விரல்கள்

கனடாவின் கால்கரியில் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது அபூர்வம். போன வாரம் மார்கரெட் தட்டினார். கையில் சூடான ஆப்பிள் கேக். முந்தின நாள் லிஃப்டில் என் கைபேசித் திரையைப் பார்த்து, "தோளில் இருப்பது யாருடைய கை?" என்று கேட்டிருந்தார். படத்தில் நான் மட்டும் இருக்கிறேன். பின்னால் காசிமேட்டுக் கடல். இடது தோளில் நான்கு விரல்கள், உடம்பில்லாமல். கைபேசியைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டேன். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார் போலும். கேக்கை நீட்டி, "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

விரல்களுக்கு உரியவன் உயிரோடுதான் இருக்கிறான். என் தம்பி லூர்து, படகு எஞ்சின் மெக்கானிக். போன வருடம் சென்னை ராயபுரத்து வீட்டுக்குப் போயிருந்தபோது, காசிமேட்டுக் கரையில் வேலையிலிருந்து அப்படியே வந்து தோளில் கை போட்டான். "இன்னா அண்ணாத்த, போலீஸ் ஸ்டேஷன் போட்டோ மாதிரி வெரச்சிகினு நிக்கிற? சிரி!" நான் சிரித்தேன், செல்ஃபி எடுத்தேன்.

இங்கே திரும்பிய பிறகு, பனி சத்தமில்லாமல் கொட்டிய ஒரு மதியம், அந்தப் படத்தைத் திருத்த உட்கார்ந்தேன். என் சுருக்கங்கள் போயின. துறைமுகக் கிரேன்கள் போயின. வானம் நீலமானது. பிறகு என் விரல் லூர்துவின் மேல் வந்து நின்றது. கிரீஸ் படிந்த பனியன், வெற்றிலைக் கறைப் பல். இங்கே மாதா கோயிலில் என்னோடு பூசை காணும் தமிழர்கள் பார்ப்பார்களே என்ற வெட்கம். வேறு காரணம் சொன்னால் பொய். தேய்த்தேன். அவன் நின்ற இடத்தில் கடல் மெல்ல வந்து நிரம்பியது. ஸ்டேட்டஸில் போட்டேன். அது அவனுக்கும் போகும் என்பது உறைக்கவே இல்லை.

மறுநாள் லூர்து அழைத்தான். "படம் சோக்கா கீது அண்ணாத்த. கடலு நல்லா பெர்சா தெரியுது." சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதன்பின் அவன் முகமுள்ள படம் எதுவும் எனக்கு வரவில்லை.

சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வீட்டில் ஒரு ஜோடி ஷூதான். ஸ்டூடியோவில் லூர்து அதை எனக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கால் தெரியாமல் என் பின்னால் ஒதுங்கி நின்றான். அந்தப் படத்திலும் நான்தான் முழுசாக இருக்கிறேன்.

கேக் வந்த அன்று மாலை வீடியோவில் அழைத்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது.

"லூர்து, நான்தாண்டா உன்ன அழிச்சேன். வெக்கப்பட்டுட்டேன். மன்னிச்சிருடா."

எஞ்சின் சத்தத்துக்கு மேல் அவன் குரல் வந்தது. "எனுக்குத் தெரியாதா? கைய மட்டும் ஏன் வுட்டு வச்ச?"

"கவனிக்கல."

"அதயாவது கவனிக்காம வுட்டியே."

"மூஞ்சியக் காட்டுடா."

"என் மூஞ்சி இன்னாத்துக்கு? உனுக்குக் கடல்தான வோணும், பாரு" என்று கேமராவைத் திருப்பினான்.

திரை முழுக்கக் காசிமேட்டுக் கடல், கிரேன்களோடு. மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான், முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் பனி. இரண்டு கரையிலும் இல்லாதவன்போல அந்தத் தண்ணீரின்மேல் மிதந்தேன். என் இடது தோள் காலியாக இருந்தது.