பொட்டு வைத்த பேக்கப் பெட்டி

பத்தாவது வரை படித்த நான் கம்ப்யூட்டர் சர்வரைப் பற்றி எழுதலாமா என்று தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் அடிக்கும் வேலை எனக்கு. எல்லா ரிப்போர்ட்டும் உள்ளறை சர்வரில் சேரும். அதன் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. மறுநாள் அதை மாற்றத் திருச்சியிலிருந்து என்ஜினீயர் வருவதாக ஏற்பாடு. அதற்குள் முழுசாக ஒரு பேக்கப், அதாவது எல்லாவற்றுக்கும் ஒரு மறுபிரதி, வேண்டும். அதுவோ ஒரு வாரமாகப் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. ஏலாக்குறிச்சியிலிருந்து ஓர் அம்மா சிறுநீரகத்துக்காக மாதாமாதம் வருவார். பழைய அளவுகளைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். அவரும் மறுநாள் வருகிறார். பழையதெல்லாம் போய்விட்டால் அவருக்கு என்ன பதில் சொல்வது?

மத்தியானம் என்ஜினீயரைப் போனில் கூப்பிட்டேன். அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். இடம் போதவில்லை என்றே வந்தது. காப்பியைச் சேர்த்து வைக்கச் சர்வரில் செருகியிருந்த பேக்கப் பெட்டியோ புதிது, பெரியது. அதன் அளவைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

“அக்கா, அது சர்வரோட அளவாச்சே. பெட்டி சேரவே இல்ல. சர்வரு தன்னையே தனக்குள்ள காப்பி எடுத்து வயிறு நெறஞ்சு கெடக்கு. பெட்டிய யாராச்சும் கழட்டுனாங்களா?”

திரும்பிப் பார்த்தேன். பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கூட்டிப் பெருக்க வரும் பெண் வெள்ளிக்கிழமைதோறும் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்பாள். போன வெள்ளிக்கிழமை மூலைக்குக் கை எட்டாமல் பெட்டியைக் கழற்றி, சாமி படத்தின் முன் வைத்துவிட்டு, மறுபடி செருகியிருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது.

“செருகிட்டேனேக்கா, லைட்டு எரியுதுல்ல” என்றாள்.

எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை நம்பித்தான் நானும் பெட்டியைச் சந்தேகப்படவில்லை. கரண்ட் வந்தால் லைட் எரிந்துவிடும். சர்வர் பெட்டியைச் சேர்த்துக்கொள்ளத் தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டுமாம்.

முதலில் அரைகுறைக் காப்பிகளை அழிக்க வேண்டும். ஓர் எழுத்து தப்பானால் நல்லதும் சேர்ந்து போய்விடும். அடித்த வரியை என்ஜினீயருக்குப் போனில் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினேன்.

“தட்டுங்கக்கா, நான் இருக்கேன்ல.”

தட்டினேன். பிறகு பெட்டியைச் சேர்த்துப் பேக்கப்பை ஓடவிட்டோம். வாசலுக்கும் உள்ளறைக்கும் நடந்தபடி இருந்தேன். நான் வீட்டுக்குப் போகும் அரியலூர் பஸ் என் கண்ணெதிரே போனது. முடிந்ததென்று திரையில் வந்த பிறகும் மனசு அடங்காமல், ஏலாக்குறிச்சி அம்மாவின் ரிப்போர்ட் ஒன்றைப் பெட்டியிலிருந்து திறந்து பார்த்தேன். எண்கள் இருந்தன.

“பொட்டு வெச்ச பேக்கப்பு உங்ககிட்ட மட்டுந்தான்க்கா இருக்கும்” என்று சிரித்துவிட்டு என்ஜினீயர் போனை வைத்தார்.

மறுநாள் டிஸ்க்கை மாற்றினார்கள். பெட்டியிலிருந்து பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் திரும்ப வந்தன. ஏலாக்குறிச்சி அம்மா பஸ்ஸைத் தவறவிட்டு மத்தியானம் வந்தார்.