சீட்டக்கா எழுதிய பொய்ச் சீட்டு

அகராதி அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. வாசல் காவலர் முதல் தலைமை ஆசிரியர் வரை எல்லோருக்கும் அவள் சீட்டக்காதான். வேலை அப்படி. ஒரு சொல் எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில், என்ன பொருளில் வந்திருக்கிறது என்று உள்ளங்கை அளவு சீட்டில் எழுதி, அகர வரிசைப்படி இழுப்பறைகளில் அடுக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக அதையே செய்கிறாள். கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

அங்கே சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு பொருள் அச்சில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று வெவ்வேறு வீட்டார் வாயிலிருந்து கேட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அகராதிக்குள் நுழையாது. இதில் சீட்டக்கா மகா கறார். ஐந்து வருடத்துக்கு முன் ஓர் உதவியாளர் சோம்பல்பட்டு, இல்லாத பக்க எண்களைப் போட்டு நாலு சீட்டு எழுதிவிட்டார். கண்டுபிடித்துக் கொடுத்தவள் இவள்தான். ஆள் அந்த வாரமே வீட்டுக்குப் போனார். சொல்லிலேயே பொய் சொன்னால் அப்புறம் எதில்தான் உண்மை என்று அன்று அவள் கேட்டதை அலுவலகமே மாதக்கணக்கில் சொல்லிக் கேலி செய்தது.

அப்பேர்ப்பட்டவள்தான் இந்தக் காரியத்தைச் செய்தாள்.

அந்த வருடம் 'க' பகுதி அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. 'கதை' அவள் பொறுப்பு. சேர்ந்திருந்த எழுபது சீட்டில் பாதி, தோளில் தூக்கி வைக்கிற ஆயுதமாகிய கதை. அதைப் பிரித்து வேறு கட்டாகக் கட்டவே ஒரு காலைப்பொழுது போயிற்று. மிச்சத்தில் இருந்தது இந்தச் சொல்லின் பூர்வீகம். வடமொழியில் அது சொல்லுதலோடு பிறந்த சொல். சிங்களத்தில் பேச்சு என்றும் நிற்கிறது. மலாய்க்குப் போய் வெறும் 'சொல்' என்றே ஆகிவிட்டது. அரபு மொழியில் கதையைக் குறிக்கும் ஒரு சொல்லுக்கு அடியில், இன்னொருவரைப் போலச் செய்து காட்டுவது என்ற பொருள் கிடக்கிறது. ஆங்கிலத்தில் கதை சொல்லும் வினைச்சொல் ஒரு காலத்தில் எண்ணுவதற்கும் ஆனது. தமிழிலோ கதை விடுகிறோம், கதை கட்டுகிறோம், ஆளின் கதையையே முடித்தும் விடுகிறோம். ஒரு சொல்லை இதற்கு மேல் யார் வேலை வாங்குவார்கள்?

இவ்வளவும் அடுக்கிய பிறகு, ஒன்று மட்டும் குறைவது அவளுக்குத் தெரிந்தது. அவள் வீட்டுக் கதை.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். அவர் வண்டி எடுக்கும் நேரமும் இவள் அலுவலக நேரமும் ஒத்துப்போனதே இல்லை. முதலில் சாப்பிடுகிறவர் மற்றவருக்கு ஒரு தட்டில் எடுத்து வைத்து மூடி, அன்றைய சங்கதியைத் துண்டுத் தாளில் எழுதித் தட்டுக்கு அடியில் செருகிவிட்டுப் போவார். ஒரு பயணி ஒற்றைச் செருப்போடு இறங்கிப் போனது, குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுவது, இப்படி. நாளாவட்டத்தில் தாள் நின்றுபோயிற்று. பெயர் மட்டும் தட்டோடு ஒட்டிக்கொண்டது. "உனக்குக் கதை மூடி வச்சிருக்கேன்" என்று அவர் போனில் சொன்னால் சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். கதை என்றால், பின்னால் வருகிறவருக்காக எடுத்து வைத்த பங்கு. இருபது வருடம் அந்த வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது. பிள்ளை குட்டி இல்லை. பேசியது இரண்டே பேர். அவர் போய் மூன்று வருடமாகிறது. தானும் போய்விட்டால் அப்படி ஒரு சொல் இருந்த சுவடே இருக்காது.

அச்சில் கிடையாது. மூன்று வீட்டுக்கு எங்கே போவது? எழுதினாள் ஒரு சீட்டு. திருட்டிலும் தொழில் சுத்தத்தைப் பாருங்கள்: அலமாரியில் செல்லரித்துக் கிடந்த ஒரு பழைய வீட்டு நிர்வாகப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அதில் பூச்சி தின்றுபோன நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை ஆதாரமாகப் போட்டாள். வேறு பிரதி எங்கும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அச்சுக்கு முதல் நாள், ஒவ்வொரு சீட்டையும் அதை எழுதாத ஒருவர் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 'கதை' தலைமை ஆசிரியர் கைக்குப் போனது. அவள் மேசைக்கு எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்து வந்தார். அந்தச் சீட்டு வந்தது. ஆசிரியர் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து பிரித்தார். நூற்றுப் பத்துக்கு அப்புறம் வெறும் பொடிதான்.

"நல்ல பொருளா இருக்கேம்மா இது. பக்கம்தான் போயிடுச்சு" என்றார். சீட்டை இன்னொரு தடவை படித்தார். "பரவாயில்ல, நீங்க பாத்து எழுதினதுதானே. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

பேனா மூடியைக் கழற்றியும் விட்டார். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் சொல் அச்சேறியிருக்கும். ஓய்வு பெற எட்டே மாதம், தலைநிமிர்ந்து போயிருக்கலாம். ஆனால் தன்னை நம்பித் திறந்த அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

"போடாதீங்க சார். அது பொய். நான் கட்டினது."

பிறகு பேருந்து, தட்டு, தாள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த உதவியாளரை அனுப்பியது போலத் தன்னையும் அனுப்பிவிடச் சொன்னாள். ஆசிரியர் பேனாவை மூடினார். அந்த உதவியாளர் மாட்டிக்கொண்டவர், நீங்கள் தானே வந்து சொன்னவர், இரண்டும் ஒன்றல்ல என்றார். ஆனால் சீட்டு உள்ளே போகாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார்.

அந்த அலுவலகத்தில் எந்தச் சீட்டையும் கிழிப்பதில்லை. தள்ளுபடியானவற்றுக்குத் தனி இழுப்பறை உண்டு; சீட்டின் பின்புறத்தில் காரணம் எழுதித்தான் அதில் போட வேண்டும். 'ஆதாரம் போதாது', 'பக்கம் தவறு' என்று சீட்டக்கா நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறாள். ஆசிரியர் சீட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் முதலில் முன்பக்கத்தில் இருந்த புத்தகப் பெயரை அடித்தாள். பிறகு பின்பக்கத்தில் எழுதினாள்:

'பேசியவர் இருவர். ஒருவர் இல்லை.'

ஆசிரியர் அதைப் படித்தார்.

"தேதி போடுங்கம்மா" என்றார்.

போட்டாள்.