கழித்துச் சாப்பிட்ட இடியப்பம்

மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பவன் மருந்தைப் பற்றிக் கதைப்பது குறைவு. பெட்டிகளின் பின்பக்கத்தை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவதே அதிகம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், டோர்செட் பார்க் பகுதியில் நான் அப்படி நின்றேன். மாச்சத்தைக் குறைக்கும் டயட், புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்களிடமும் வந்து சேர்ந்த காலம் அது. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் கல்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், இதில் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் இராது.

மூன்று மாதத் தவணை

சிவநேசன் அண்ணை முக்கால் மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் ஒஷாவாவுக்கு லொறி ஓட்டுபவர். சீனி வருத்தக்காரர். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஊசிக்கு அவர் பயப்படவில்லை. ஊசி தொடங்கினால் லொறி லைசென்ஸ் போய்விடும் என்பதுதான் பயம். வயது ஐம்பத்திரண்டு, வேறு தொழில் தெரியாது.

மனைவி ரஞ்சி அக்காவோடு வந்து, சீனி போடாத சொக்லேட் பெட்டி ஒன்றை நீட்டினார். வாசித்தேன். ஒரு கட்டியில் மாச்சத்து இருபது கிராம். அதில் பதினைந்து சுகர் அல்ககோல். அது இனிக்கும், ஆனால் உடம்பில் முழுதாகச் சேராது. ஆகவே அதைக் கழித்து மிச்சம் ஐந்தை மட்டும் எண்ணினால் போதும், அதுதான் நெட் கார்ப் என்றது பெட்டி. அண்ணையின் முகம் தெளிந்தது. ரஞ்சி அக்கா சொன்னார்: "கழிக்கிறதில உவர் கெட்டிக்காரன் தம்பி. கலியாணம் பேசேக்கையே வயசில அஞ்சைக் கழிச்ச ஆள்."

பின்பக்கம் இல்லாத பை

அடுத்த கிழமை ரஞ்சி அக்கா ஒரு கொப்பியோடு வந்தார். அண்ணை சாப்பிட்டதெல்லாம் எழுதியிருந்தது: பால், பிஸ்கட், தக்காளி சோஸ். புட்டும் இடியப்பமும் ஒரு பக்கத்திலும் இல்லை. அவற்றைச் சாப்பிடுவதில்லையா என்று கேட்டேன்.

"ஏன் இல்லை, ஒவ்வொரு நாளும்தான். மா வோபர்ன் பக்கத் தமிழ்க் கடையில வெறும் பையில வாங்கிறது. அதில ஒண்டும் எழுதியில்லை. பிறகு நான் என்னத்தைப் பார்த்து எழுதுறது?"

இடியப்பம் ஒன்றுக்குப் பத்து கிராம் மாச்சத்து, ஒரு நேரத்துக்கு மூன்று என்று கடதாசியில் எழுதிக் கொடுத்தேன்.

கடத்திய கழிவு

முதல் மாத முடிவில், வீட்டு மெஷினில் சீனி ஏறிவிட்டது என்று அண்ணை கோபத்தோடு வந்தார். மெஷின் பிழை என்றார். மத்தியானம் எத்தனை இடியப்பம் என்று கேட்டேன். ஆறு. மூன்று என்றல்லவா எழுதித் தந்தேன்? கணக்குச் சரிதான் என்று அவர் விளக்கினார். சாப்பாட்டுக்கு முன் சொக்லேட் இரண்டு கட்டி. கட்டிக்குப் பதினைந்தாக முப்பது கழிவு. அந்த முப்பதுக்கு மூன்று இடியப்பம் சும்மா வருகிறது.

சொக்லேட்டின் கழிவை சொக்லேட்டில்தான் கழிக்கலாம், இடியப்பத்துக்குக் கடத்த முடியாது என்றேன். அண்ணையின் கோபம் மெஷினை விட்டு என் பக்கம் திரும்பியது.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே தம்பி. எனக்கு அந்தச் சொக்லேட் பிடிக்காது. இவ்வளவு நாளும் மருந்து மாதிரியெல்லோ திண்டனான்!"

ஒஷாவா போகும் வழி

வாங்கிய சாமானை எறிய எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. இருந்த ஏழு கட்டியையும் அண்ணை ஒரே காலையில் முடித்துவிட்டு லொறியில் ஏறினார். அளவுக்கு மிஞ்சினால் வயிற்றோட்டம் ஆகலாம் என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை நான் வாசித்துக் காட்டியிருக்கவில்லை. ஒஷாவா போய்ச் சேர அன்று லொறி நான்கு இடத்தில் நின்றது.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் சீனி போடாத எதுவும் வரவில்லை. கழிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் மூன்று இடியப்பத்தோடு எழும்பினார் என்று ரஞ்சி அக்கா சொன்னார். தவணை முடிந்து இரத்தம் சோதித்தபோது சீனி இறங்கியிருந்தது. ஊசி இல்லை. லைசென்ஸ் தப்பியது. அதைச் சொல்ல வந்த அண்ணை கவுண்டரில் குனிந்து குரலைத் தாழ்த்தினார்: "எப்பிடிக் குறைச்சனீர் எண்டு டொக்டர் கேட்டவர். நெட் கார்ப் எண்டு சொல்லிப்போட்டன். நீ வேற கதை சொல்லிப்போடாதை."

அந்தக் கவுண்டரில் நான் வாசித்துக் காட்டிய பெட்டிகள் எத்தனையோ. ஒருவரின் லைசென்ஸைக் காப்பாற்றியது நான் வாசிக்காமல் விட்ட வரிதான்.