பயிரிட இயலாத தரிசு

இப்போது வரும் பாடப்புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் கலைச்சொற்களுக்குப் பொருள் கொடுத்துவிடுகிறார்கள். சென்ற மாதம் பழைய புத்தகக் கடையில் ஒரு புவியியல் புத்தகத்தைப் புரட்டினேன். மூன்று பக்கம், நாற்பத்தாறு சொற்கள். உணவுப் பாதுகாப்பு, மண்ணரிப்பு, தரிசு நிலம், காற்றுத் தடுப்பு மரவரிசை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. உணவுப் பாதுகாப்புக்கு மட்டும் மூன்று. அந்தச் சொற்களில் பாதிக்கு மேல் எனக்கு மனப்பாடம். எழுபதுகளில் அவற்றைப் படித்துத் தேறித்தான் அரசாங்க வேலைக்குப் போனேன். அவற்றில் ஒரு சொல்லை ஒரு சிற்றூரின் மேல் எழுதியவன் நான். அந்த ஊர் அதற்குப் பிறகு சொந்தக் கீரை தின்னவில்லை.

செங்கல்பட்டில் பதினோரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். எந்த ஊரின் நிலமானாலும் ஒன்பது வகைக்குள் அடங்கியாக வேண்டும் என்பதுதான் பயிற்சியின் சாரம். படிவத்தில் ஒன்பது கட்டங்கள். முதல் கட்டம் காடு. இரண்டாவது, பயிரிட இயலாத தரிசு: பாறை, மணல்மேடு, உவர் நிலம். நான்காவது, பயிரிடத்தக்க தரிசு. ஒன்பதாவது, சாகுபடியில் இருக்கும் நிலம். ஒன்பதையும் கூட்டினால் ஊரின் மொத்தப் பரப்பு வர வேண்டும். ஒரு சென்ட் கூடினாலும் குறைந்தாலும் படிவம் திரும்பி வரும். கடைசி நாள் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கினேன். மற்ற இரண்டு மதிப்பெண் எங்கே போயின என்று கேட்டதற்கு விடைத்தாளைக் காட்ட மறுத்துவிட்டார்கள். இன்றுவரை தெரியாது.

ஊர்க் கணக்கு எழுதும் கர்ணங்களின் பதிவுகளை நேரில் போய்ப் பார்த்துச் சரிசெய்வது என் வேலை. அப்படித்தான் ஒரு தை மாதம் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பேருந்தில் போய், அங்கிருந்து கோவளம் பக்கமாக நடந்தேன். கிழக்கே கடல், மேற்கே கால்வாய், நடுவே மணல். கடலோரத்தில் மீனவர் குப்பம். மணலின் மேற்கு ஓரத்தில் முப்பத்தெட்டு வீடுகள். அங்கிருந்தவர்கள் கால்வாயைத் தாண்டிப் போய், மற்றவர்கள் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்கு நிற்பவர்கள். ஒருவருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஏரிப் பாசனத்தில் ஒரு போகம் விளையும் ஊர். வருடத்தில் நான்கு மாதம் வேலை இருந்தால் அதிகம். மீதி எட்டு மாதம் என்ன தின்கிறார்கள் என்ற கேள்விக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

விடை மணலுக்குள் இருந்தது. புறம்போக்கு மணல்மேட்டில் பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம், ஓர் ஆள் மார்பளவு ஆழம் என்று குழிகள் வெட்டியிருந்தார்கள். மணல் சரியாமல் இருக்கப் பக்கவாட்டில் பனை மட்டைகளை நட்டு, மேல் விளிம்பில் தாழை வைத்திருந்தார்கள். அந்த ஆழத்தில் மணல் ஈரமாக இருக்கும். மூலையில் இன்னும் ஒரு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும்; கடல் அரை மைலில் இருந்தும் உப்பு கரிக்காது. ஐப்பசி மழைக்குப் பிறகு குழியின் அடியில் எருவும் கருவாட்டுக் கழிவும் போட்டுக் கீரை, கத்தரி, வெள்ளரி, கொஞ்சம் கேழ்வரகு. பங்குனி வரை ஓடும். கீரையில் ஒரு பங்கு குப்பத்துக்குப் போகும். ஒரு கட்டுக்கு ஒரு கை நெத்திலி. இரண்டு பக்கமும் சில்லறை புழங்காத வியாபாரம் அது.

நின்று எண்ணினேன். அறுபத்து நான்கு குழிகள். ஐம்பத்தேழில் பயிர் இருந்தது.

"இன்னா சார், மணல எண்ணிகினு கீறே?" என்று ஒரு குழியிலிருந்து குரல் வந்தது. எட்டிப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும் ஒரு பெண், முழங்கால் அளவு தண்டுக்கீரைக்கு நடுவில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"குழி எத்தனைன்னு எண்றேன்மா."

"குயியா? எங்க கீது குயி?"

"நீ நிக்கிறியே, அது என்ன?"

"இது தண்ணி மொள்ற ஊத்து."

"கீரை?"

"அது தானா மொளச்சிது."

"வரிசையா மொளச்சிருக்கே?"

"இந்தூரு கீர அப்டித்தான் சார். ரொம்ப ஒயுங்கு."

பக்கத்துக் குழிகளிலிருந்து சிரிப்பு கேட்டது. அதுவரை அங்கே ஆள் இருப்பதே எனக்குத் தெரியாது. நான்கு பெண்கள் மண்வெட்டியோடு எழுந்து நின்று, தங்கள் குழியிலும் தானாகத்தான் முளைத்தது என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி சொன்னார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

என்னோடு வந்திருந்த கர்ணம் சிரிக்கவில்லை. அவர் அறுபதைத் தாண்டியவர். அந்த மணலைத் தன் கணக்கில் ஒருநாளும் சாகுபடி என்று எழுதாதவர். தனியே அழைத்துப் போய் விளக்கினார். "தம்பி, இது புறம்போக்கு. பயிர் வெச்சிருக்காங்கன்னு நீ எழுதினா ஆக்கிரமிப்பு. வூட்டுக்கு வூடு பி மெமோன்னு நோட்டீசு வரும், அபராதம் கட்டணும். முன்னால ஒருத்தன் எழுதி, ஏழு வூட்டுல பாத்திரம் பண்டம் போச்சு. அதுலேந்து எவன் நோட்டு எடுத்துகினு வந்தாலும் இதுங்க இப்டித்தான் பேசும். பேசாம மணல்னு போட்டுட்டுப் போ. புண்ணியமாப் போவும்."

அந்தப் பெண் குழியிலிருந்து ஏறி வந்து நேராகவே கேட்டாள். "சார், இங்க பயிர் கீதுன்னு எய்துவியா?"

"இல்லைன்னு நீதானே சொன்னே?"

"ஆமா. இல்ல."

"அப்போ இல்லைன்னுதான் எழுதுவேன்."

"நல்லாருப்பே" என்றாள்.

அந்த மணல் முழுவதையும் இரண்டாவது கட்டத்தில் எழுதினேன். பயிரிட இயலாத தரிசு. படிவத்தின் வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஓர் இடம் உண்டு; இரண்டு விரல் அகலம். ஏழைகள் மழைக்காலத்தில் குழியில் பயிர் செய்கிறார்கள் என்று ஒரு வரி அதில் எழுதியிருக்கலாம். நான்காவது கட்டத்தில், பயிரிடத்தக்க தரிசு என்றாவது போட்டிருக்கலாம். அதற்கு அபராதமும் வராது. இதெல்லாம் அன்று எனக்குத் தோன்றாமல் இல்லை. நான்காவது கட்டத்தில் போட்டால் ஏன், எப்படி என்று மேலிருந்து கேள்வி வரும். கேள்வி வந்தால் மறுபடி அந்த வெயிலில் போக வேண்டும். குறிப்பில் 'மணல்' என்று ஒரே சொல் எழுதினேன். ஒன்பதும் கூடிற்று. படிவம் திரும்பி வரவில்லை. ஏழைகளுக்கு உதவி செய்துவிட்டேன் என்ற நினைப்பில் இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி நிம்மதியாக இருந்த காலங்கள் குறைவு. அவற்றில் ஒன்று இப்படிப்பட்டது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு புரட்டாசியில், எல்லை காட்டுவதற்கு என்னை மறுபடி அங்கே அனுப்பினார்கள். கடற்கரையில் பயனில்லாமல் கிடக்கும் தரிசில் சவுக்கு நடும் திட்டம். மணல் பெயர்ந்து மேற்கே வயல்களை மூடுகிறது, மரவரிசை வேண்டும் என்றார்கள். அதில் பொய் இல்லை. கால்வாய்க் கரையில் மணல் ஏறியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எந்தெந்த ஊரில் எவ்வளவு தரிசு என்று தேடியிருக்கிறார்கள். அடித்தல் திருத்தல் இல்லாத என் படிவம் கிடைத்திருக்கிறது.

திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி கெட்டவர் இல்லை. வெயிலில் தொப்பி கூட இல்லாமல் எங்களோடு நடந்தார். அளவுச் சங்கிலி பிடிக்க இரண்டு பேர், எல்லை முளை அடிக்க மூன்று பேர், நான். மழை இன்னும் வரவில்லை. குழிகளில் பச்சை இல்லை. கோடைக் காற்றில் அரைவாசி தூர்ந்திருந்ததைப் பெண்கள் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் முளை அடித்த சத்தத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. எண்ண முடியவில்லை.

அதே பெண் முன்னால் வந்தாள். "சாரே, இங்க நாங்க பயிர் வெக்கிறோம். குயிய மூடிடாதீங்க."

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். "பயிர் எங்கம்மா?"

"மழ வந்தா வெப்போம். பத்து நாளுல வெதைக்கணும், அதுக்குத்தான் வாரிகினு கீறோம்."

"எத்தனை வருஷமா?"

"எங்க மாமியாரு காலத்துலேந்து."

அவர் என் பக்கம் திரும்பினார். "பதிவேட்டுல சாகுபடின்னு ஏதாவது இருக்கா?"

அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "தோ, இந்த சாரு வந்து எண்ணிகினு போனாரே! சார், சொல்லு சார், எத்தினி குயின்னு சொல்லு அவராண்ட."

அறுபத்து நான்கு, ஐம்பத்தேழில் பயிர். எண் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால், இரண்டு வருடத்துக்கு முன் கண்ணால் கண்டதை ஏன் மறைத்து எழுதினாய் என்று கேட்பார்கள். பொய்ப் பதிவு. அதற்கு என்ன தண்டனை என்பதும் பயிற்சியில் படித்ததுதான். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகப் பதினான்கு மாதம் பாக்கி.

"பதிவேட்டில் ஒன்றும் இல்லை சார்" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னொன்றும் சொன்னேன். "அன்னைக்கு நீதானேம்மா பயிர் இல்லைன்னு சொன்னே?"

அவள் தலையில் சும்மாடாக வைத்திருந்த துணியை எடுத்து உதறினாள்.

"நானு அபராதத்துக்கு பயந்து சொன்னேன். நீ இன்னாத்துக்கு பயந்து எய்துனே?"

கூட்டத்தில் ஒரு கிழவர், "வுடும்மா, அவுரு படிச்சவரு, அவுருக்கு கீர பேரு தெரியாது" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். முன்பு குழிக்குள்ளிருந்து கேட்ட சிரிப்பு மாதிரி அது இல்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது முளையை அடித்தார்கள்.

அறுபது குழிகளை மூடினார்கள். நான்கை மட்டும் விட்டுவைத்தார்கள், சவுக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் வேண்டுமே. கன்று வேர் பிடிக்கும்வரை பானையில் மொண்டு ஊற்ற அதே பெண்களைக் கூலிக்கு வைத்தார்கள். இரண்டு கோடை அந்த வேலை இருந்தது. கன்றுகள் தலைக்கு மேல் வளர்ந்ததும் அதுவும் நின்றது. நிழலில் புல்லும் முளைக்காத அளவுக்குச் சவுக்கு இலை உதிர்ந்து மூடிக்கொண்டது. அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கப் போனவர்களைக் காவலாள் விரட்டினான். காற்று நின்றது உண்மை. மேற்கே வயல்களில் மணல் ஏறவில்லை, அதுவும் உண்மை. அந்த வயல்கள் யாருடையவை என்பது எந்தப் படிவத்திலும் தெளிவாக இருக்கும்.

எழுபதுகள் முடிவதற்குள் மூன்றாவது முறை அங்கே போனேன். இந்தத் தடவை உணவு பற்றிய கணக்கெடுப்பு. அப்போது உணவுத் தன்னிறைவு என்பார்கள். தானியம் எவ்வளவு, பருப்பு எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் காய், எத்தனை நாள் கீரை என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பகுதி உனக்குத்தான் பழக்கம் என்றார்கள்.

முப்பத்தெட்டில் ஐந்து வீடு பூட்டியிருந்தது. கேளம்பாக்கம் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போய்விட்டார்களாம். குப்பத்துப் பெண்கள் இப்போது மீனைக் காசுக்குத்தான் கொடுக்கிறார்கள். கொடுக்க இவர்களிடம் பதிலுக்கு என்ன இருக்கிறது?

பதினேழாவது வீடு அவளுடையது. வாசலில் கேழ்வரகுக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். நாலைந்து வருடத்துக்குள் பத்து வருடம் கூடியிருந்தது. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை, திட்டவும் இல்லை. உட்காரச் சொல்லி முறத்தைத் தள்ளி இடம் விட்டாள். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"வாரத்துல எத்தனை நாள் கீரை சாப்பிடறீங்க?" என்று படிவத்தைப் பார்த்தபடி கேட்டேன்.

"நீயே எய்திக்கோ சார்" என்றாள். "நான் சொன்னா மட்டும் இன்னா ஆவப் போவுது?"

"நீ சொன்னாத்தான் எழுத முடியும்."

"மின்னாடியும் நான் சொன்னதத்தான எய்துனே."

கூழ்ச் சட்டியைப் பார்த்தேன். தொட்டுக்கொள்ள ஒரு வெங்காயமும் உப்பும் இருந்தன. கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். அவள் படிக்கத் தெரியாதவள். ஆனாலும் எட்டிப் பார்த்து, "அதான், வட்டமா போடு" என்றாள்.

முப்பத்து மூன்று வீடுகளில் முப்பத்தொரு வட்டம். அடித்தல் திருத்தல் இல்லை. அந்த ஊரைப் பற்றி நான் எழுதியவற்றில் பொய் கலக்காதது அந்த ஒன்றுதான். அதைக் கொண்டு யாரும் எதுவும் செய்ததாக எனக்குத் தகவல் இல்லை.