ரெஜியை இன்னொருதரம் கேளுங்கள்

“…அவர்தானே வேண்டாம் என்றார், மதாம் றீற்றா. நானும் சரியென்று கைகொடுத்துவிட்டு வந்தேன். இதில் நான் செய்த பிழை என்ன?”

பஸ்கால் பிரெஞ்சில் கேட்டதை நான் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமை மத்தியானம், பாரிசின் ரூ காய் தெருவில் நான் வேலை செய்யும் தேநீர்க் கடை. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி மரக்கறியும் மீனும் வாங்க வந்த சனம் கதவுவரை வரிசையில் நின்றது. பஸ்கால் எங்கள் புறநகரத்து பேஸ்போல் அணியின் பயிற்றுநர். கழகத்தின் வருட முடிவு விருந்துக்கு ரோல்ஸ் பலகாரம் சொல்லிவைக்க வந்திருந்தார். ‘அவர்’ என்றது என் தம்பி ரெஜியை. ஆறேழு வருடமாக அந்த அணியில் ரெஜிக்கு ஓர் இடம் இருந்தது. அடுத்த சீசனுக்கு அது இல்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை முடிவாகியிருந்தது. அந்த முடிவை எடுத்தது யார் என்பதில்தான் எனக்கும் பஸ்காலுக்கும் வழக்கு.

குளிர், பாஷை, நிலத்தடி ரயில் எல்லாம் எனக்குப் பழகிவிட்டன. ஒருவர் வேண்டாம் என்று சொன்னவுடன் கேட்டவர் அதை நம்பிவிடுவது மட்டும் இன்னமும் பழகவில்லை. வந்த புதிதில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தேன். முதல்நாள் மத்தியானம் அந்த வீட்டு மதாம் அடுப்பிலிருந்து இறக்கிய கோழியைக் காட்டி, சாப்பிடுகிறாயா என்று கேட்டார். காலையில் ஒரு வாய்த் தேநீரோடு வெளிக்கிட்டு வந்தவள் நான், இப்பொழுதுதான் சாப்பிட்டேன் என்றேன். “ஆ, போன்,” அப்படியா என்றுவிட்டு அவர் சட்டியை மூடினார். நான் காத்திருந்தேன். இன்னொருதரம் கேட்பார், அதற்கும் மறுப்பேன், மூன்றாம் தரம் தட்டைக் கையில் திணிப்பார், அப்போது ‘கொஞ்சமாய்ப் போடுங்கோ’ என்று சொல்லலாம் என மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றேன். கோழி குளிர்ப்பெட்டிக்குள் போனது. அன்று பின்னேரம் அந்தக் குழந்தை கடித்துவிட்டு வைத்த பிஸ்கட்டை நான் ஆருக்கும் தெரியாமல் சாப்பிட்டேன். அந்த மதாம் தங்கமான மனுசி. என் சொல்லை மதித்தார், அவ்வளவுதான். மன்னாரில் எங்கள் வீட்டில் முதல் மறுப்பு ஒரு வணக்கம் மாதிரி. அதைச் சொல்லாமல் உடனே கையை நீட்டுகிறவனை ‘கண்டறியாதவன்’ என்பார்கள்.

சரி, பேஸ்போலுக்கும் எங்களுக்கும் என்ன என்று ஊரில் இருந்து படிக்கிறவர்கள் கேட்பீர்கள். வில்லியே லே பெல்லில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் அந்த மைதானம். ஞாயிறு காலை பேஸ்போல்காரருக்கு, மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் பெடியளின் கிரிக்கெட்டுக்கு. எங்கள் ஆட்கள் மடிக்கும் கதிரையும் சோற்றுப் பார்சலும் பிள்ளைகுட்டியுமாக நேரத்தோடு போய்விடுவார்கள். பேஸ்போலைப் பார்க்க அங்கே இருந்தது ஆட்டக்காரரின் பெண்சாதிமார் சிலரும் ஒரு நாயும்தான். தமிழனை வேலிக்கரையில் வாயை மூடிக்கொண்டு இருத்த யாரால் முடியும்? முதல் வருடம் முழுக்க நாங்கள் அந்த விளையாட்டைத் திட்டினோம். “மட்டையை எறிஞ்சுபோட்டு ஓடுறான், இவனுக்கு என்ன விசரோ?” என்பார் தேவராசா அண்ணை. அவர் பஸ் ஓட்டுகிறவர், யாழ்ப்பாணத்தார், எந்தக் கூட்டத்திலும் முதல் குரல் அவருடையது. “பின்னுக்கு அடிச்சா நாலு ஓட்டமெல்லோ! இவங்கள் அதைப் பிழை எண்டுறாங்கள்.” இரண்டாம் வருடம் திட்டுவதற்காகவே விதிகளைப் படித்தோம். மூன்றாம் வருடம் எங்களுக்கே தெரியாமல் அது ‘எங்கட டீம்’ ஆகியிருந்தது.

ரெஜி உள்ளே போன கதையும் அங்கேதான். பந்தை எறிபவருக்கு எதிரே குந்தியிருந்து பிடிக்கிறவரை ரெசவேர் என்பார்கள். ஒருநாள் அவருக்கு விரல் மடங்கிவிட்டது. வேலிக்கரைக்கு ஓடிவந்த பஸ்கால், யாராவது பிடிக்கத் தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டார். ரெஜி ஊரில் விக்கெட் காப்பாளன். அன்றைக்கு அவனுக்கு வேண்டாம் என்று சொல்ல அவகாசமே கிடைக்கவில்லை. நாங்கள் நாலைந்து பேர் பிடித்துத் தள்ளிவிட்டோம், தேவராசா அண்ணை அவன் சப்பாத்துக் கயிற்றைக்கூடக் கட்டிவிட்டார். யோசித்துப் பார்த்தால், எங்கள் ஆட்கள் எந்த நல்ல இடத்துக்கும் அப்படித்தான் போய்ச் சேர்கிறார்கள். தாங்களாக எழும்பிப் போவதில்லை.

ரெஜி ஒரு உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் வேலை செய்கிறான். அங்கே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவருக்கும் நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த மைதானத்தில் அவன் குந்தியிருந்தால், மற்ற எட்டுப் பேரின் முகத்தையும் பார்க்கிறவன் அவன் ஒருவன்தான். அவன் கையைக் காட்டினால் ஒருவன் முன்னுக்கு வருவான், ஒருவன் பின்னுக்குப் போவான். முதல்தரம் அதைக் கண்டபோது என் பக்கத்தில் இருந்த தேவராசா அண்ணையின் மனைவி, “உங்கட தம்பி பொலிஸ்காரன்மாரி நிக்கிறான்” என்றார். எனக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

இந்த வருடம் எங்கள் டீம் கடைசிக்கு முன்னால் வந்து, கீழ்ப் பிரிவுக்குப் போகாமல் மயிரிழையில் தப்பியது. பந்தெறிகிற லான்சேருக்குத் தெற்கே வேலை கிடைத்து அவர் போகப்போகிறார். அடுத்த சீசனுக்கு ஆட்களை எப்படிச் சேர்ப்பது? பஸ்கால் தன் வீட்டில் இருந்து யோசித்தாரோ இல்லையோ, எங்கள் கடையில் ஐப்பசி முழுக்க அதே கதைதான். எதிர்க்கட்சித் தலைவர் அந்துவான் ஐயா. புதுச்சேரிக்காரர், தபாலில் இருந்து ஓய்வு பெற்றவர், கழுத்துப்பட்டி இல்லாமல் கடைக்கு வரமாட்டார்.

“வெளியிலை இருந்து ஒருத்தனை இறக்கினா அவன் ஒரு சீசன் எறிஞ்சுபோட்டுப் போயிடுவான்,” என்றார் தேவராசா அண்ணை. “பிறகு இதே மேசை, இதே கதை. சின்னனுகளை ஏத்துங்கோ. ஒரு வருசம் அடி வாங்கட்டும். அடுத்த வருசம் பாருங்கோ.”

“அடி வாங்கிக் கீழ போயிட்டா அப்புறம் எந்தப் பிள்ளை நம்மகிட்ட வரும், தேவராஜ்?” என்றார் அந்துவான் ஐயா. “ஒரு நல்ல லான்சேர் வேணும். வெனிசுவேலாவுல கேட்டா வருவானுங்க. ஒரு ஷாம்பர் குடுத்து வச்சிக்கலாம்.” அறை என்பது அவர் வாயில் எப்போதும் ஷாம்பர்தான்.

“ஓம், உங்கட வீட்டிலை ஒண்டு சும்மாதானே கிடக்குது. வைச்சிருங்கோவன்.”

“எங்க வீட்டம்மாவ நீங்க பாத்ததில்ல.”

கடை சிரித்து முடிய, தேவராசா அண்ணை குரலைக் கொஞ்சம் இறக்கினார். “ரெஜியும் வழி விடத்தான் வேணும். நல்ல பெடியன். ஆனா அவன் குந்தி எழும்பேக்கை முழங்கால் கத்துறது எனக்கு வேலிக்கரை மட்டும் கேக்குது.” பிறகுதான் நான் பின்னால் நிற்பதைக் கண்டார். “றீற்றா, கோவியாதை. நான் டீமின்ரை நன்மைக்குச் சொல்லுறன்.”

“டீமின்ரை நன்மைக்கு இண்டைக்கு உங்கட பிளேன்ரீக்குச் சீனி இல்லை,” என்றேன். “சின்னனுகளை ஏத்துங்கோ எண்டுறியள். அந்த மத்தியே எறியிறதைப் பிடிக்க ஆர் இருக்கினம்? ரெஜியை விட்டா அந்தப் பந்து நேரே உங்கட சோத்துப் பார்சலுக்குள்ளைதான் வந்து விழும்.”

மத்தியே என்பது பதினெட்டு வயதுக்காரன், கையில் வேகம் இருக்கிறது, பந்து எங்கே போகும் என்பது ஆண்டவருக்கு மட்டும் தெரியும். தேவராசா அண்ணை தேநீரை அப்படியே குடித்தார். சீனி கேட்கவில்லை.

பஸ்காலும் என்னைப் போலத்தான் யோசித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. வருடா வருடம் செய்வதுபோல ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அடுத்த சீசன் தொடர்கிறாயா என்று கேட்டிருக்கிறார். போன ஞாயிறு ரெஜி வீட்டுக்கு வந்த விதத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்தது.

“கேட்டவரோ?”

“கேட்டவர், அக்கா. நான், இல்லை, எனக்கு வயசு போட்டுது, சின்னாக்களுக்குக் குடுங்கோ எண்டன்.”

“பிறகு?”

“பிறகென்ன பிறகு. மெர்சி எண்டு கையைத் தந்திட்டுப் போட்டார். ரெண்டாந்தரம் கேக்கேல்லை.”

அவன் தன் தோல் கையுறையை அலுமாரிக்கு மேலே, நாங்கள் ஊரில் இருந்து கொண்டுவந்த பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். அந்தக் கிழமை முழுக்க மைதானத்துப் பேச்சையே எடுக்கவில்லை. அவனுக்கு இடம் போன கவலையைவிட, தன்னை ஒப்புக்குத்தான் கேட்டார்களோ என்ற கவலை. அதுதான் என்னைச் சுட்டது.

என் மகள் அனெத்துக்கு இது விளங்கவே இல்லை. “நோன் சே நோன், மமோன்,” என்றாள். இல்லையென்றால் இல்லைதான், மாமாவே வேண்டாம் என்றுவிட்டுக் கோச்சைக் குறை சொன்னால் எப்படி என்று பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். நான் அவளோடு வாதாடவில்லை. பெண்பிள்ளை வளர்க்கிறவள் நான். அந்தச் சொல்லுக்கு இந்த நாட்டில் இருக்கிற கனம் அவளுக்கு வாழ்நாள் முழுக்க வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். போன வருடம் மன்னாரில் இருந்து என் மச்சாள் வந்திருந்தார். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன், வேண்டாம் என்றார், நான் சட்டியை மூடிவிட்டேன். பின்னேரம் அவர் குசினிக்குள் தனியே நின்று பாண் துண்டைச் சாப்பிடுவதைக் கண்டபோதுதான், அந்தப் பழைய வீட்டு மதாமின் கை இப்போது என் தோளில் இருந்து தொங்குகிறது என்று தெரிந்தது.

ஆகவே பஸ்கால் சனிக்கிழமை என் முன்னால் நின்று தன் பிழை என்ன என்று கேட்டபோது, என்னிடம் இரண்டு பதில் இருந்தது. இரண்டும் சரி. நான் ஒன்றைத்தான் சொன்னேன்.

“ரெஜியை இன்னொருதரம் கேளுங்கள்.”

“அவர் மறுத்துவிட்டாரே.”

“திரும்பவும் மறுப்பான். அப்போதும் கேளுங்கள்.”

அவர் முகம் சிவந்தது. “ஒருவர் மறுத்தபிறகு திரும்பக் கேட்பது எங்களுக்கு மரியாதைக் குறைவு, மதாம். வற்புறுத்துவது போல.”

“திரும்பக் கேளாமல் விட்டால் எங்களுக்கு அது மரியாதைக் குறைவு. கடமைக்குக் கேட்டது போல.”

மூலை மேசையில் இருந்து அந்துவான் ஐயா தன் நல்ல பிரெஞ்சில் குறுக்கே வந்தார். உங்கள் ஆட்டத்தில் மட்டையோடு நிற்பவன் ஒருதரம் தவறவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்களா, முசியே? மூன்று தரம் கொடுக்கிறீர்கள் அல்லவா? பஸ்கால் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மத்தியான வேலை முடித்து ரெஜி கடைக்குள் வந்தான். உடுப்பில் வெங்காய வாசம். பஸ்காலைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தவனை, வரிசையில் நின்ற சனம் விடவில்லை. இடம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

“ரெஜி, அடுத்த சீசன் வருகிறாயா?”

ரெஜி என்னைப் பார்த்தான். நான் ரோல்ஸைப் பார்த்தேன். “இல்லை, இல்லை,” என்றான் பிரெஞ்சில். “முழங்கால் சரியில்லை. சின்னவர்கள் இருக்கிறார்கள்.”

பஸ்காலின் உடம்பு கதவுப் பக்கம் பாதி திரும்பியது. பழக்கம் அது. பிறகு அவர் தன்னைத் தானே பிடித்து நிறுத்துவதுபோல நின்றார். “மத்தியேயின் பந்தைப் பிடிக்க என்னிடம் ஆள் இல்லை. எல்லா ஆட்டமும் வேண்டாம், பாதியாவது வா. நீ இல்லாமல் நான் அவனை இறக்க முடியாது. மூன்றாம் தரமாகக் கேட்கிறேன்.”

அந்துவான் ஐயாவுக்கு எதிரே இருந்த தேவராசா அண்ணைதான் பொறுக்கமாட்டாமல் மேசையில் தட்டினார். “ஓம் எண்டு சொல்லித் துலையன்ரா! முழங்காலுக்கு நான் எண்ணெய் வாங்கித் தாறன்.”

“ஓம்,” என்றான் ரெஜி, பஸ்காலைப் பார்த்து, தமிழிலேயே. ஒரு சொல் தமிழ் தெரியாத பஸ்கால் அதற்கு மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்துவான் ஐயா, அப்படியென்றால் வெனிசுவேலாக்காரன் இல்லையா என்று கேட்க, பழைய விவாதம் புதிய சூட்டோடு தொடங்கியது. நான் தேவராசா அண்ணையின் பிளேன்ரீக்குள் இரண்டு கரண்டி சீனி போட்டேன்.

பிறகு சுடச்சுட இரண்டு ரோல்ஸைத் தட்டில் வைத்து பஸ்காலுக்கு முன்னால் தள்ளினேன். நான் கேட்டு முடிப்பதற்குள் கடித்துவிடுகிற மனிதர் அவர்.

“நோன், மெர்சி,” என்றார் பஸ்கால். “இப்போதுதான் சாப்பிட்டேன்.”

என் கை தட்டை எடுக்கப் போய்ப் பாதியில் நின்றது. அவர் கழுத்துச் சால்வையை மெதுவாகக் கழற்றி, முக்காலியைத் தட்டுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.